கீ வெஸ்டில் ஐந்து நாள்: இருவருக்கு ஒரு மேசை

2025 நவம்பர் 28, வெள்ளி

மயாமியிலிருந்து, ஃபுளோரிடாவின் தென்கோடித் தீவு ஊரான கீ வெஸ்ட் 160 மைல். நான்கு மணி நேரத்தில் வந்துவிடலாம் என்று கிளம்பிய எங்களுக்கு, நன்றி நவிலும் நாள் விடுமுறைக் கூட்டத்தில் ஏழு மணி நேரம் ஆயிற்று. தீவுகளைக் கோத்துச் செல்லும் அந்தச் சாலை பெரும்பகுதி போக ஒரு தடம், வர ஒரு தடம் என்ற அளவில்தான் இருக்கிறது. முன்னால் ஒருவர் படகை இழுத்துக்கொண்டு மெல்லச் சென்றால் பின்னால் வருகிற அத்தனை பேரும் மெல்லத்தான் செல்ல வேண்டும். ஏழு மைல் பாலத்தைக் கடக்கும்போது சூரியன் மறைந்துவிட்டது. இரண்டு பக்கமும் கடல் இருப்பது காற்றின் ஈரத்தில்தான் தெரிந்தது.

விடுதியில் பெட்டிகளைப் போட்டுவிட்டுப் பசியோடு டூவால் தெருவுக்கு நடந்தோம். ஊரின் முதன்மைத் தெரு அதுதான். பசியில் நாங்கள் செய்த பிழை, கண்ணில் பட்ட முதல் உணவகத்தில் நுழைந்தது. பெயரைச் சொல்லப் போவதில்லை. பொரித்த மீன் 31 டாலர். உள்ளே பனிக்கட்டியின் சில்லிப்பு முழுதாக விலகவில்லை. ரசீதில் 20 விழுக்காடு சேவைக் கட்டணம் முன்பே சேர்க்கப்பட்டிருந்தது. அதன் கீழே அன்பளிப்புக்கென்று இன்னொரு வெற்றுக் கோடும் இருந்தது. களைப்பில் அதிலும் ஒரு தொகையை எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே வந்த பிறகுதான் புரிந்தது. இந்த ஊருக்கு வருகிறவர்கள் ரசீதை முழுதாகப் படித்துவிட்டுக் கையெழுத்திட வேண்டும் என்பதை முதல் நாளிலேயே சொல்லிவிடுகிறேன்.

அதே தெருவில் மேலே நடந்து, பெட்ரோனியா தெரு வெட்டும் நாற்சந்தியில் நின்றோம். நான்கு பக்கமும் தன்பாலின ஈர்ப்பாளர்களின் அடையாளமான வானவில் நிறத்தில் சாலையைக் கடக்கும் கோடுகள் இருந்த இடம் அது. 2015இல் தீட்டப்பட்ட அவற்றை இந்த ஆண்டு செப்டம்பரில் மாநிலப் போக்குவரத்துத் துறை அகற்றிவிட்டது. செய்தியில் படித்திருந்தும், வெறும் தாரைக் கண்ணால் பார்த்தபோது மனம் கனத்தது. ஆனால் நாற்சந்தியைச் சுற்றியிருந்த கடைகளிலும் மாடங்களிலும் கொடிகள் பறந்துகொண்டுதான் இருந்தன. வானவில் கொடியை வடிவமைத்த கில்பர்ட் பேக்கர், அதன் 25ஆம் ஆண்டை ஒட்டி 2003 ஜூனில் ஒன்றேகால் மைல் நீளக் கொடி ஒன்றை இதே டூவால் தெருவில் ஒரு கோடியின் அட்லாண்டிக் கடலிலிருந்து மறுகோடியின் மெக்சிகோ வளைகுடா வரை விரித்தார். அந்தத் தெருவில் என் இணையரின் கையைப் பிடித்துக்கொண்டு, ஒருவரும் திரும்பிப் பார்க்காத இயல்போடு விடுதிக்கு நடந்தேன். சாப்பாடு கெட்ட நாள்தான். ஆனாலும் நிம்மதியாக உறங்கினேன்.

நவம்பர் 29, சனி

காலை எட்டு மணிக்கு வெயில் இதமாக இருந்தது. தெருவெங்கும் கோழிகள். வளர்ப்பவர் என்று யாரும் இல்லாமல், நடைபாதையிலும் தேவாலய வாசலிலும் குஞ்சுகளோடு உலவுகின்றன. சேவல் கூவியே எழுந்த எங்களுக்கு ஊர் நினைவு வராமல் இருக்குமா?

டூவால் தெருவை விட்டு விலகிக் கிழக்கே நடந்தால் மர வீடுகளும் நிழலும் அமைதியுமாக வேறு ஓர் ஊர் வந்துவிடுகிறது. சவுத்தர்ட் தெருவும் கிரினெல் தெருவும் கூடும் முனையில் ஃபைவ் பிரதர்ஸ் என்ற சிறிய மளிகைக்கடை இருக்கிறது. உட்கார இடம் பெரிதாக இல்லை. வேலைக்குப் போகிறவர்கள் வரிசையில் நின்று கியூபக் காபியும் ரொட்டியும் வாங்கிச் செல்கிறார்கள். சர்க்கரையோடு இறக்கிய சிறு குவளைக் கட்டிக் காபியை இந்த ஊரில் 'புச்சி' என்கிறார்கள். சூடான பால் சேர்த்தால் 'கஃபே கோன் லெச்சே'. கும்பகோணத்துக்காரனான எனக்கு டிகாக்‌ஷனின் அடர்த்தியில் ஒரு கண் எப்போதும் உண்டு. இந்தக் காபி அந்தக் கண்ணுக்கு நிறைவாக இருந்தது. சிக்கரி இல்லை, கசப்பும் இனிப்பும் மட்டும் கட்டியாக நாக்கில் நிற்கின்றன.

கண்ணாடிப் பெட்டிக்குள் பொன்னிற உருண்டைகளைப் பார்த்துவிட்டு என்னவென்று கேட்டோம். 'போயோஸ்' என்றார்கள். அரை டஜன் வாங்கி வெளியே வந்து பிட்டோம். மேலே மொறுமொறுப்பு, உள்ளே ஆவி பறக்கும் வெண்மை, பூண்டின் மணம். தூத்துக்குடிக்காரரான என் இணையர் ஒரு வாய் வைத்ததும் நின்றுவிட்டார்.

"ஏய், இது நம்ம தட்டாம்பயறு வடைல்லா!"

உண்மைதான். காராமணியை ஊறவைத்து, தோலைக் கழற்றி, பூண்டும் மிளகாயும் உப்பும் சேர்த்து அரைத்து எண்ணெயில் போட்டு எடுப்பதுதான் செய்முறை. மாவு எதுவும் சேர்ப்பதில்லை. மேற்கு ஆப்பிரிக்காவின் 'அக்காரா' என்ற காராமணி வடை, அடிமைகளாக இழுத்துவரப்பட்ட மக்களோடு கியூபாவுக்கு வந்து, 1868இல் ஸ்பெயினுக்கு எதிராக எழுந்த போருக்குப் பிறகு சுருட்டுத் தொழிலாளர்கள் பெருகி வந்த இந்தத் தீவில் காலை உணவாகிவிட்டது. கறிவேப்பிலையும் பெருங்காயமும் மட்டும் இருந்திருந்தால் எங்கள் வீட்டு அடுப்படி என்றே சொல்லியிருப்பேன். இருவருக்கும் சேர்த்து 20 டாலருக்குள் முடிந்த அந்தக் காலை உணவை, நேற்று இரவின் பெருஞ்செலவோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

இரண்டாவது காபிக்கு நான் மட்டும் வேறொரு சிறிய சன்னல் கடைக்குப் போனேன். கொடுத்த பெண்மணிக்கு அறுபது வயதிருக்கும். நிழலில் நின்றுகொண்டிருந்த என் இணையரைக் காட்டி, "உங்கள் கணவருக்கும் இதேதானா, இல்லை சர்க்கரை குறைவாகவா?" என்று கேட்டார். மிகச் சாதாரணக் கேள்வி. சர்க்கரையின் அளவைத் தவிர வேறெதையும் அவர் தெரிந்துகொள்ள விரும்பவில்லை. திருமணமாகி ஆறு ஆண்டுகளாகியும், எங்கள் நகரத்து இந்திய உணவகங்களில் "ரெண்டு பேரும் ரூம்மேட்டா?" என்ற கேள்விக்கே பழகிப்போன எனக்கு அந்த ஒரு சொல்லை விழுங்கிக்கொள்ளச் சிறிது நேரம் பிடித்தது. "சர்க்கரை குறைவாக" என்று சொல்லி வாங்கிக்கொண்டு வந்தேன்.

மதியம் கேத்தரின் தெருவில் உள்ள எல் சிபோனே. வீடுகளுக்கு நடுவே செங்கல் கட்டடம். கியூப உணவுக்கு ஊர்க்காரர்கள் முதலில் சொல்லும் பெயர் இது. நானும் இணையரும் மாட்டிறைச்சியும் பன்றி இறைச்சியும் சாப்பிடுவதில்லை. அது கியூபச் சமையலில் பாதிக்கு மேல் கதவை மூடிவிடுகிறது. ஆனாலும் மீனும் இறாலும், வேகவைத்த மரவள்ளிக்கிழங்கின் மேல் பூண்டையும் புளிப்பு நாரத்தைச் சாற்றையும் ஊற்றித் தரும் 'யூக்கா கோன் மோஹோ'வும், கனிந்த வாழைப்பழத்தைச் சாய்த்து அரிந்து பொரித்த 'மதுரோஸ்'ஸும் இருந்தன. மரவள்ளி வாயில் வைத்ததும் கரைந்தது. கருப்புப் பயறில் பன்றி இறைச்சி சேர்த்துச் சமைக்கும் வழக்கம் கியூபர்களிடம் பரவலாக உண்டு என்பதால், எங்களைப் போன்றவர்கள் எந்தக் கடையிலும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத் தட்டில் கை வைப்பது நல்லது.

நவம்பர் 30, ஞாயிறு

இந்த ஊரின் புகழ்பெற்ற காலை உணவு பெட்ரோனியா தெருவும் தாமஸ் தெருவும் சந்திக்கும் இடத்தில், பஹாமா வில்லேஜ் பகுதியில் இருக்கும் ப்ளூ ஹெவனில். பஹாமாஸிலிருந்து வந்து குடியேறிய கறுப்பின மக்களின் பழைய குடியிருப்பு அது. மரங்களின் அடியில் மண் தரை முற்றத்தில் மேசைகள். ஒரு காலத்தில் இங்கே சேவல் சண்டையும் குத்துச்சண்டையும் நடந்தன என்றும், எழுத்தாளர் ஹெமிங்வே குத்துச்சண்டைக்கு நடுவராக நின்றார் என்றும் சொல்கிறார்கள். பெயரைக் கொடுத்துவிட்டு ஒன்றேகால் மணி நேரம் காத்திருந்தோம். ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், வார நாளில் கடை திறக்கும் நேரத்துக்குப் போங்கள்.

காத்திருந்தபோது பக்கத்தில் நின்ற ஓர் அம்மையாரிடம், நேற்று மாலை காபியில் தோய்த்துச் சாப்பிட்ட கியூப ரொட்டியைப் பற்றிப் புகழ்ந்து பேசிக்கொண்டிருந்தேன். நீளமாக, மேலே தாள் போல் முறியும் தோலும் உள்ளே பஞ்சுமாக இருக்கும் அந்த ரொட்டியை வெண்ணெய் தடவி அழுத்திச் சுட்டுத் தருகிறார்கள். அவர் தயங்கி, "பன்றி சாப்பிட மாட்டோம் என்று சொன்னீர்களே, அந்த ரொட்டி மாவில் பன்றிக்கொழுப்புதானே சேர்ப்பார்கள்" என்றார். வயிற்றைப் பிசைந்தது. யார் மீதும் குறை சொல்ல இடமில்லை. கியூபன் ரொட்டியை அப்படித்தான் காலம் காலமாகச் செய்கிறார்கள். கேட்டிருக்க வேண்டியவர்கள் நாங்கள். என் முகத்தைப் பார்த்த அந்த அம்மையார், வரிசையை விட்டு விலகி உள்ளே போய், இங்கே எதில் கொழுப்பு இருக்கிறது, எதில் இல்லை என்று எனக்காக விசாரித்து வந்தார். முன்பின் அறியாதவருக்காக வரிசையில் தன் இடத்தை விட்டுப் போனவர் அவர்.

இந்த ரொட்டிக்கு வரலாற்றிலும் ஓர் இடம் உண்டு. 1982இல் எல்லைக் காவல் படை இத்தீவுகளுக்கு வரும் சாலையை ஃபுளோரிடா சிட்டியில் மறித்து வண்டி வண்டியாகச் சோதனை செய்தபோது, பிழைப்புக் கெட்டுப்போன கீ வெஸ்ட்காரர்கள் ஏப்ரல் 23 அன்று 'காங்க் ரிபப்ளிக்' என்று தனிநாடு அறிவித்தார்கள். கடற்படைச் சீருடை அணிந்த ஒருவரைக் காய்ந்த கியூப ரொட்டியால் அடித்துப் போர் தொடுத்து, ஒரு நிமிடத்தில் சரணடைந்து, நூறு கோடி டாலர் உதவி கேட்டார்கள். இன்றும் அந்த நாட்டுக் கொடி கடைகளில் விற்கிறது.

உட்கார்ந்த பிறகு வாழைப்பழத் தோசையும் முட்டையும் வந்தன. ஒரு பெட்டைக்கோழி காலியாக இருந்த நாற்காலியில் ஏறி, என் தட்டிலிருந்து ஒரு விள்ளலைக் கொத்திக்கொண்டு போய்விட்டது. பரிமாறிய இளைஞர் சத்தமே போடாமல் கோழியை இறக்கிவிட்டுப் புதிய தட்டு கொண்டுவந்தார்.

பிறகு 'கீ லைம் பை' என்ற இனிப்புப் பண்டம். இதற்குத்தான் நான் முதன்மையாக இந்த ஊருக்கு வந்தேன். ப்ளூ ஹெவனில் அதன் தலையில் முட்டை வெண்கருவை நுரைத்து ஒரு சாணுக்குக் கோபுரம் போல் எழுப்பி, மேலே பழுப்பு ஏறச் சுட்டுத் தருகிறார்கள். ஒரு துண்டு பத்து டாலருக்கு மேல். இருவருக்கு ஒன்று போதும். அடியில் பிஸ்கட் தூள் அடுக்கு, நடுவில் வெளிர் மஞ்சள். பச்சை நிறத்தில் யாராவது கொடுத்தால் அது சாயம். முதல் கரண்டியிலேயே எனக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. கீ லைம் என்று உலகம் கொண்டாடுவது நம் எலுமிச்சம்பழமேதான். அதே தாவர இனம், அதே சின்ன உருண்டை, அதே மெல்லிய தோல், அதே விதைகள். ஆசியாவில் தோன்றி, அரபு வணிகர் வழியாகவும் ஸ்பானியர் வழியாகவும் இந்தக் கடல்களுக்கு வந்தது. 1926ஆம் ஆண்டுப் புயல் இங்கிருந்த தோப்புகளை அழித்தது. இன்றைக்குப் பெரும்பாலும் மெக்சிகோவிலிருந்துதான் வருகிறது. பசும்பாலும் பனிக்கட்டியும் அரிதாக இருந்த தீவில் டப்பாவில் வரும் கெட்டிப்பாலே கதி. அந்தக் கெட்டிப்பாலிலும் மஞ்சள் கருவிலும் எலுமிச்சைச் சாறு விழுந்ததும் புளிப்பே அதை இறுகச் செய்துவிடுகிறது, அடுப்புகூடத் தேவையில்லை. எலுமிச்சை விழுந்தால் பால் திரிந்து போய்விடும் என்று அஞ்சி வளர்ந்தவன் நான். திரிவதையே இனிப்பாக்கிய இந்தத் தீவுப் பெண்களின் கைத்திறனை மனமாரப் போற்றுகிறேன்.

வெண்கரு நுரையா, பாலேட்டு நுரையா என்பது இங்கே முடியாத வழக்கு. எலிசபெத் தெருவில் உள்ள கெர்மிட்ஸ் கடையில் பாலேட்டு வகையையும் சாப்பிட்டுப் பார்த்தேன். என் வாக்கு வெண்கருவுக்கே. அதில் தனி இனிப்பு குறைவாக இருப்பதால் எலுமிச்சை முன்னுக்கு வருகிறது.

மாலையில் வடக்கிலிருந்து காற்று எழுந்து வெப்பம் சட்டென்று இறங்கியது. டூவால் தெருவின் மேல் பகுதியில், தன்பாலின இணையர் நெடுங்காலமாக நாடி வரும் லா-டீ-டா விடுதியில் இரவு உணவு. கியூப விடுதலைக்குப் பாடுபட்ட ஹோசே மார்த்தி இக்கட்டடத்தின் மாடத்திலிருந்து சுருட்டுத் தொழிலாளர்களிடம் பேசினார் என்பதால் 'லா தெரசா தெ மார்த்தி' என்று வைத்த பெயர்தான் சுருங்கி இப்படி ஆயிற்று. பக்கத்து மேசையில் எழுபதைக் கடந்த இரண்டு ஆண்கள் ஒருவர் தட்டிலிருந்து மற்றவர் எடுத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். முதுமையில் இப்படி ஓர் இணையை உணவகத்தில் நான் கண்டதே இல்லை. என்ன சாப்பிட்டேன் என்பதைவிட அதுதான் நினைவில் இருக்கிறது.

டிசம்பர் 1, திங்கள்

மதியம் கரோலைன் தெருவில் உள்ள போஸ் ஃபிஷ் வேகன். பழைய லாரி, வலைகள், மிதவைகள், பலகைகள் என்று கண்டதையெல்லாம் சேர்த்துக் கட்டிய கொட்டகை. களவா மீன் சாண்ட்விச்சும், 'காங்க்' பஜ்ஜியும் வாங்கினோம். காங்க் என்றால் சங்கு. நம் ஊர் வலம்புரி, இடம்புரிச் சங்கு வேறு இனம். இங்குள்ளது வாய் ஓரம் இளஞ்சிவப்பாக விரிந்த பெரிய சங்கு. இத்தீவில் பிறந்தவர்களையே 'காங்க்' என்றுதான் அழைக்கிறார்கள். வந்து குடியேறி ஏழு ஆண்டுகள் ஆனவர் 'நன்னீர்ச் சங்கு'.

சங்கு குளிக்கும் ஊரில் பிறந்த என் இணையர் பஜ்ஜியைப் பிரித்து உள்ளேயிருந்த துணுக்கை எடுத்துத் தனியாக மென்று பார்த்தார். சங்குச் சதையை அடித்து மென்மையாக்காவிட்டால் தோல் வாரைக் கடிப்பது போலிருக்கும் என்று தம் ஆச்சி சொன்னதை நினைவுகூர்ந்தார். இங்கே நன்றாகவே அடித்திருந்தார்கள். ஆனால் மாவு கூடுதல், சங்கு குறைவு. காரணம் இருக்கிறது. ஃபுளோரிடாக் கடலில் சங்கு அருகிப்போனதால் 1975இல் வணிகத்துக்கும், 1980களில் அனைவருக்குமே எடுக்கத் தடை வந்தது. தட்டில் இருப்பது பஹாமாஸ் போன்ற தீவுகளிலிருந்து வருகிறது. சங்கின் பெயரைத் தாங்கிய ஊர் தன் சங்கைத் தின்னாமல் காப்பாற்றுகிறது என்பது எனக்குப் பிடித்திருந்தது. இந்த ஊரின் கடல் விளைச்சலையே சாப்பிட வேண்டுமென்றால் இறாலைக் கேளுங்கள்: 'கீ வெஸ்ட் பிங்க்' என்ற இயல்பிலேயே இளஞ்சிவப்பான இறால். துறைமுகத்தில் இறால் பொதி கட்டிய பழைய கட்டடத்தில் நடக்கும் ஹாஃப் ஷெல் ரா பாரில் அதை வெறுமனே அவித்துத் தந்தார்கள். தொட்டுக்கொள்ள எதுவும் வேண்டாத இனிப்பு அதில் இருந்தது.

வேறோர் இடத்தில், எலுமிச்சைச் சாற்றில் உப்பைப் போட்டு வாரக்கணக்கில் ஊறவிட்ட 'ஓல்ட் சவர்' கிடைத்தது. மீனில் தெளித்துச் சாப்பிடும் பழைய தீவு வழக்கம். ஊறுகாய் ஜாடியின் அடியில் தேங்கும் நீரின் அதே உவர்ப்பும் புளிப்பும். தயிர்சாதம் இல்லையே என்று மனம் ஏங்கியது.

இன்று உலக எய்ட்ஸ் நாள். மாலையில் வைட் தெரு கடற்பாலத்தின் தொடக்கத்தில் உள்ள நினைவிடத்துக்குப் போனோம். 1997ஆம் ஆண்டு இதே நாளில் திறக்கப்பட்டது. தரையில் பதித்த கருங்கற்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெயர்கள். சிறிய ஊர் இது. ஒரு தலைமுறையே போயிருக்கிறது. குனிந்து ஒரு கல்லைத் துடைத்துக்கொண்டிருந்த முதியவர், நாங்கள் எங்கிருந்து வருகிறோம் என்று கேட்டு, மூன்று பெயர்களைக் காட்டினார். மூவரும் 1980களில் அவரோடு ஒரே சமையலறையில் வேலை பார்த்தவர்கள். "அவன் செய்த ஸ்னாப்பர் மீன் போல் இந்தத் தெற்கில் யாரும் செய்ததில்லை" என்று நடுவில் இருந்த பெயரின் மேல் கையை வைத்தார். எப்படிச் செய்வார் என்று என் இணையர் கேட்டார். வெண்ணெயைக் கருகும் விளிம்பு வரை விட்டு, கடைசியில் எலுமிச்சையைத் தோலோடு பிழிந்து அதே சட்டியில் போட்டுவிடுவாராம். சொல்லும்போது கையால் சட்டியைச் சாய்த்துக் காட்டினார். காற்று பலமாக வீசியது. மூவரும் வெகுநேரம் நின்றோம். இரவு நாங்கள் ரொட்டிக்குப் பதில் சோறு கிடைக்கும் இடமாகத் தேடி, மீனும் சோறும் சாப்பிட்டோம்.

டிசம்பர் 2, செவ்வாய்

புறப்படும் நாள். சனிக்கிழமை காபி கொடுத்த சன்னலுக்கு ஒருமுறை போனோம். "ஒன்றில் சர்க்கரை குறைவு" என்று அந்தப் பெண்மணியே சொல்லி இரண்டையும் நீட்டினார்.

பிறகு முனைக்கடைக்குப் போய், இம்முறை எந்த எண்ணெய் என்று கேட்டுவிட்டு, ஒரு டஜன் போயோஸ் வழிக்கு வாங்கினோம். மதிய உணவு வரை தாங்கும் என்று இணையர் கணக்குப் போட்டார். காகிதப் பையில் எண்ணெய் ஊறி, வண்டி முழுக்கப் பூண்டு மணந்தது. வெளிச்சத்தில் இப்போதுதான் கடலின் நிறத்தைப் பார்க்கிறோம்: கரையோரம் எலுமிச்சை இலையின் தளிர்ப் பச்சை, தள்ளிப்போனால் மயில்கழுத்து நீலம். ஏழு மைல் பாலம் தொடங்குவதற்குள் பை காலியாகிவிட்டது. வீட்டில் அரைக் கிலோ காராமணி இருக்கிறதா என்று அவர் கேட்டார். இருக்கிறது என்றேன், சனிக்கிழமை ஊறப்போடுவதாகப் பேசிக்கொண்டோம்.